சுவர் மேல் நின்று எழுதிய விலை

ரேட்டம்மாவுக்கு மாடு என்றால் பயம். மாட்டுச் சந்தையில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறவளுக்கு மாடு பயமா என்று கேட்டுச் சிரிக்காதவர் அந்த ஊரில் இல்லை. மாடு மட்டுமா? இடி, நாய், கைப்பிடி இல்லாத மாடிப்படி, போனில் பேசும் அதிகாரி என்று அவளுடைய பயங்களை எழுதப் புகுந்தால் நோட்டுப் புத்தகம் பத்தாது. "நீ தைரியமா செஞ்ச ஒரே காரியம் என்னைக் கட்டிக்கிட்டதுதான்" என்பார் அவள் கணவர். அவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். "அதையும் பயந்துக்கிட்டேதான் செஞ்சேன்" என்பாள் அவள்.

செவ்வாய்க்கிழமை தோறும் காலை ஆறு மணிக்குச் சந்தைக்குப் போவாள். எந்த மாடு என்ன விலைக்குப் போனது என்று எழுதுவாள். பதினோரு மணிக்குத் தலைநகரத்தில் இருக்கும் விலை ஆபீசுக்குப் போன் போட்டுச் சொல்வாள். புதன்கிழமை காலை ஆறரைக்கு ரேடியோவில் ஐந்து சந்தைகளின் விலையும் வரும். ஊரில் அவளுடைய சொந்தப் பெயர் யாருக்கும் ஞாபகம் இல்லை. ரேட்டம்மா என்றால் பிறந்த குழந்தைக்கும் தெரியும்.

இந்த ரேடியோவை நம்பித்தான் மேட்டுக்காடு பிழைத்துக்கொண்டிருந்தது. மழை பொய்த்த அந்த மேட்டில் மாடு வளர்க்கிறவர்கள், விற்க வேண்டுமென்றால் மாட்டை ஓட்டிக்கொண்டு நாலு நாள் நடக்க வேண்டும். இரண்டு நாள் நடந்தால் ஒரு டீக்கடை. அங்கே வழி இரண்டாகப் பிரியும். இடப்பக்கம் இரண்டு நாள் போனால் ஆற்றுச் சந்தை, வலப்பக்கம் இரண்டு நாள் போனால் ரேட்டம்மாவின் சந்தை. இரண்டுமே செவ்வாய்க்கிழமைதான் கூடும். ஆற்றுச் சந்தையில் நாலு பல் போட்ட இளம் பசு முப்பத்தோராயிரத்துக்குப் போகும். அதே பசு இங்கே இருபத்திரண்டாயிரம். மாட்டுக்கு இடது வலது தெரியாது, இரண்டு பக்கமும் அதற்கு ஒரே எடைதான். ஆனால் அந்தப் பக்கம் நல்ல ரோடு, பால் பண்ணை, போட்டி போட்டு வாங்க ஏழெட்டுப் பெரிய ஆட்கள். இந்தப் பக்கம் பாலம் உடைந்து நாலு வருடம் ஆகிறது. சுற்றுப் பாதையில் ஓடுகிற லாரிகள் முழுக்க ஒரே ஒரு தரகருடையவை. எப்போதும் வெள்ளைச் சட்டை போடுகிறவர், அதனால் அவர் பெயரே வெள்ளைச்சட்டை. அவர் சொன்னதுதான் விலை. அவரை எதிர்த்துக் கேட்டவர்கள் மாட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான். அதனால் மேட்டுக்காட்டு மாடுகள் பெரும்பாலும் இடப்பக்கம் திரும்பிவிடும். வலப்பக்கம் வருவது அக்கம்பக்கத்து மாடுகள் மட்டும்.

அந்தச் சந்தையில் பேரம் முடிந்ததும் வாங்கியவர் மாட்டின் முதுகில் நீலச் சாயத்தால் ஒரு கோடு இழுப்பார். கோடு விழுந்தால் விற்றாகிவிட்டது. ரேட்டம்மா கீழே இறங்கிப் போய், மாட்டைப் பார்த்து, விற்றவரையும் வாங்கியவரையும் தனித்தனியாகக் கேட்டு எழுத வேண்டும் என்பது ஆபீஸ் விதி. அவள் அந்த விதியைப் பதினோரு வருடமாகப் பாதிதான் பின்பற்றினாள். சந்தைக்கும் கிடங்குக்கும் நடுவில் இடுப்பளவு கல் சுவர் ஒன்று உண்டு. அதன் மேல் ஏறி நின்றுகொள்வாள். கோடு விழுந்ததும், "எவ்வளவு?" என்று கத்துவாள். வாங்கியவர் விரலைக் காட்டுவார். எழுதிக்கொள்வாள். யாருக்கும் நஷ்டமில்லாமல் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

வினை ஒரு கன்றுக்குட்டி ரூபத்தில் வந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை சந்தையில் கூட்டமே இல்லை. நாலு பல் பசு மொத்தம் மூன்றுதான் விலை போனது. ஒன்று இருபத்து மூன்று, ஒன்று இருபத்திரண்டு. மூன்றாவதை ஒரு வெளியூர்க்காரர் வாங்கினார். சாயக் கோடு விழுந்தது. சுவர் மேலிருந்து இவள் கத்தினாள். அவர் ஐந்து விரல், பிறகு நாலு விரல் காட்டினார். ஐம்பத்து நாலு. இவளுக்கே கொஞ்சம் இடித்தது. இறங்கிப் போய்ப் பார்க்கலாம் என்று ஒரு காலைக் கீழே விட்டாள். பக்கத்தில் நின்ற காளை தலையை ஆட்டியது. காலை மேலே எடுத்துக்கொண்டாள். ஐம்பத்து நாலு என்றே எழுதினாள்.

அது கறவைப் பசு, கூடவே பெண் கன்று. இரண்டுக்கும் சேர்த்துத்தான் அந்த விலை. கன்றோடு போகும் பசுவுக்கு நோட்டில் தனிக் கட்டம் இருக்கிறது. ஆனால் சாயம் தாய்க்கு மட்டும்தான் பூசுவார்கள், கன்று கோடு இல்லாமலே தாயின் பின்னால் போய்விடும். தாயின் அந்தப் பக்கத்தில் நின்றிருந்த கன்று, சுவர் மேல் நின்றவளின் கண்ணில் படவே இல்லை.

பதினோரு மணிக்கு ஆபீஸில் கேட்டார்கள். "சராசரி முப்பத்து மூணாயிரமா? உங்க சந்தையிலயா? சரிதானா?" அந்த அதிகாரியின் குரல் எப்போதும் யாரையோ திட்டிவிட்டு வந்த குரலாகவே இருக்கும். அதைக் கேட்டாலே இவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

"சரிதான் சார்" என்றாள்.

புதன்கிழமை காலை அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். ரேடியோவில் ஆற்றுச் சந்தை முப்பத்தோராயிரம் என்றார்கள். அடுத்து அவளுடைய சந்தை, முப்பத்து மூவாயிரம். "அடடே, உன் சந்தை முதல் ரேங்க் வாங்கிடுச்சே!" என்று கணவர் கைதட்டினார். அவளுக்கு அந்த ஐம்பத்து நாலு நினைவுக்கு வந்தது. கை ஈரத்தோடு ஓடினாள். அடுத்த தெருவில் சந்தை கேட்டுக்காரர் வீடு. வெளியே போகும் மாட்டுக்குச் சீட்டுக் கிழிப்பவர் அவர்தான். "அந்த அம்பத்து நாலு பசு எப்படிப் போச்சு?" என்று கேட்டாள். அவர் சீட்டுப் புத்தகத்தின் அடிக்கட்டையைப் புரட்டிப் பார்த்து, "பசு ஒண்ணு, கன்னு ஒண்ணு" என்றார்.

திரும்பி வரும்போது அவளுக்குத் தெரு நீண்டுகொண்டே போனது. மேட்டில் இருக்கும் அத்தனை பேரும் இப்போது ரேடியோ கேட்டிருப்பார்கள். இரண்டாயிரம் அதிகம் என்று அத்தனை பேரும் வலப்பக்கம் திரும்புவார்கள். நூற்றுக்கணக்கான மாடுகள், ஒரே ஒரு தரகர். வழியில் புல் கிடையாது, தண்ணீர் கிடையாது, வந்த மாட்டைத் திருப்பி ஓட்ட முடியாது. அவர் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான். இதையெல்லாம் விடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. அவள் தம்பி மேட்டில்தான் இருந்தான். போன மாதமே சொல்லி அனுப்பியிருந்தான்: ஒன்பது பசுக்களையும் இந்த வாரம் ஆற்றுச் சந்தையில் விற்றுவிட்டு, பெண்டாட்டி பிள்ளைகளோடு அக்கா ஊருக்கே வந்து, டிப்போ பக்கத்தில் பஞ்சர் கடை போடப் போகிறான். ஒன்பது பசுக்களைத் தவிர அவனிடம் வேறொன்றும் இல்லை. போனும் இல்லை. ரேடியோ மட்டும் இருந்தது.

ஆபீசுக்குப் போன் போட்டாள். ஒரு குமாஸ்தா எடுத்தார். "திருத்தம்னா எழுத்துல வரணும்மா. மேல கையெழுத்து ஆகணும். எப்படியும் அடுத்த புதன்தான். ஆமா, என்ன தப்பு? யார் பண்ணினது?"

வேலை போய்விடும் என்ற எண்ணம் ஒன்றுதான் அவள் தலைக்குள் இருந்தது. "ஒண்ணுமில்ல சார், சும்மா கேட்டேன்" என்று வைத்துவிட்டாள். வைத்த கையை வெறித்துப் பார்த்தாள். தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

வியாழக்கிழமை மதியம் கொல்லைப்புறத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது வெள்ளைச்சட்டை வந்தார். வாசல் வழியாக வரவில்லை. பின்பக்கச் சந்து வழியாக, தன் வீட்டுக்குள் நுழைகிறவர் மாதிரி நிதானமாக வந்தார்.

"அந்தப் பசு என் கண்ணு முன்னாடிதான் போச்சும்மா. கன்னோட" என்றார், சிரித்துக்கொண்டே. "எனக்கு ஒரே சந்தோஷம். பதினாலு லாரி சொல்லி வெச்சிருக்கேன். மேட்டு மாடு இந்த ஊரைப் பாத்து எத்தனை வருஷமாச்சு!"

அவள் ஈரப் புடவையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். செய்யாம இருக்கறதுதான் உதவி" என்றார். பிறகு கிளம்பும்போது நினைவு வந்தவர் போலத் திரும்பினார். "வீட்டுக்காரர் சைக்கிள்லதானே டிப்போவுக்குப் போறாரு? ஓரமாப் போகச் சொல்லுங்க. நம்ம லாரிப் பசங்க கண்மண் தெரியாம ஓட்டுவானுங்க."

சாயங்காலம் கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். எதற்கெடுத்தாலும் கேலி பேசுகிற மனிதர், அன்று கேலி பேசவில்லை. "என்ன செய்யலாம்னு இருக்க?" என்றார்.

"வழி பிரியற இடத்துக்குப் போகணும். ஞாயித்துக்கிழமை காலையில எல்லாரும் அங்க வந்து சேருவாங்க. போய்ச் சொல்லிடணும்."

"அங்க மாடு இருக்குமே" என்றார் அவர். அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். அவர் எழுந்து போய், ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ் ஓட்டுகிற டிரைவரிடம் சொல்லிவிட்டு வந்தார். அன்றிலிருந்து டிப்போவுக்கு நடந்தே போனார்.

ஞாயிறு காலை பஸ் டீக்கடையை நெருங்கும்போதே புழுதி தெரிந்தது. முன்னூறு மாடாவது இருக்கும். ரோடு முழுக்க மாடு, டீக்கடையைச் சுற்றி மாடு, பஸ் நின்றதும் பஸ்ஸைச் சுற்றியும் மாடு. ரேட்டம்மா படியில் நின்றாள். இறங்கவில்லை.

"இறங்கும்மா. மாடு கடிக்காது" என்றார் டிரைவர்.

"முட்டுமே?"

"ஹாரன் அடிக்கட்டுமா?"

"ஐயோ, வேண்டாம்!" என்று கத்திக்கொண்டே இறங்கிவிட்டாள். பஸ் போய்விட்டது. இனி ஏறி நிற்கச் சுவரும் இல்லை. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கொம்புகளுக்கு நடுவே டீக்கடை வரை நடந்தாள். அந்த இருபது அடியில் அவள் வேண்டாத தெய்வம் இல்லை.

மாட்டுக்காரர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். விஷயத்தைச் சொன்னாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள்.

"ரேடியோவுல முப்பத்து மூணுன்னு சொன்னாங்களே?" என்றார் ஒரு பெரியவர்.

"ரேடியோவுக்குச் சொன்னதே நான்தாங்க. தப்பாச் சொல்லிட்டேன். அங்க இருபத்திரண்டுதான். நீங்க இத்தனை பேரும் போனா அதுவும் கிடைக்காது. ஆத்துச் சந்தைக்குப் போயிடுங்க."

"ஆத்துச் சந்தைக்காரங்க உனக்கு எவ்வளவு குடுத்தாங்க?" என்று ஒருத்தன் கேட்டான். நாலு பேர் சிரித்தார்கள். இரண்டு பேர் எழுந்து நின்றார்கள். அவர்கள் முகத்தில் சிரிப்பு இல்லை. நோட்டைத் திறந்து மூன்று விலைகளையும் காட்டினாள். கன்றைப் பற்றிச் சொன்னாள். பெரியவர் நோட்டை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து ஒரு கிழட்டுப் பசு, அவள் முந்தானையை வாயில் கவ்வியது. வீல் என்று ஒரு அலறல். அடுத்த நொடி ரேட்டம்மா டீக்கடை மேசை மேல் நின்றுகொண்டிருந்தாள், கீழே இரண்டு டம்ளர் உருண்டது. மொத்தக் கூட்டமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பெரியவர் சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இவ்வளவு பயப்படற பொம்பளை, இத்தனை மாட்டுக்கு நடுவுல வந்து பொய் சொல்ல மாட்டாடா. காசுக்கு வர்றவ வேற மாதிரி இருப்பா. மாட்டை இடப்பக்கம் திருப்புங்க."

முன்னூறு மாடும் இடப்பக்கம் திரும்புவதை அவள் மேசை மேலிருந்தே பார்த்தாள். ஒவ்வொரு முகமாகத் தேடினாள். தம்பியைக் காணோம். அடையாளம் சொல்லி விசாரித்தாள்.

"ஒன்பது பசு, நெட்டையா ஒருத்தன், அவனா?" என்றார் பெரியவர். "அவன் நேத்தே வலப்பக்கம் போயிட்டானே. நாங்க எல்லாம் கொஞ்சம் யோசிச்சோம். அவன் யோசிக்கவே இல்ல. எங்க அக்கா எழுதற ரேட்டு, தப்பவே தப்பாதுன்னு சொல்லிட்டுப் போனான்."

வலப்பக்கம் போகும் மாடுகள் ரோட்டில் போவதில்லை. காய்ந்த ஓடைத் தடத்தில் போகும். அதனால்தான் பஸ்ஸில் வந்தவள் அவனைக் கடந்தும் பார்க்கவில்லை. திரும்பிப் போகும் பஸ் சாயங்காலம்தான் இருந்தது. திங்கள்கிழமை காலை ஊர் எல்லையில் ஓடை வந்து சேரும் இடத்தில் போய் நின்றாள். ஒன்பது பசுக்களும் எலும்பு தெரிய வந்தன. பின்னால் தம்பி, அக்காவைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாக ஓடி வந்தான்.

சொன்னாள். அவன் சிரிப்பு இறங்குவதைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தாள்.

"திரும்பி ஓட்டிட்டுப் போகலாமா?" என்றாள்.

"இதுங்க இனி ஒரு நாள் கூட நடக்காதுக்கா" என்றான். திட்டியிருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை பதினாலு லாரிகள் வரிசையாக நின்றன. வெள்ளைச்சட்டை ஆறு மணியிலிருந்து வழியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழரைக்கு அவருக்கு யாரோ போனில் விஷயத்தைச் சொன்னார்கள். அவர் ரேட்டம்மா நின்ற சுவர் பக்கம் பார்த்தார். கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது. பிறகு தம்பியின் பசுக்களைக் காட்டி நாலு பேரிடம் ஏதோ சொன்னார். அதற்குப் பிறகு அந்த ஒன்பது பசுக்கள் பக்கம் ஒருவரும் போகவில்லை. வந்து பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூட ஆளில்லை. எட்டு மணி ஆனது, ஒன்பது ஆனது, வெயில் ஏறியது. தண்ணீர்த் தொட்டியின் குழாயைச் சந்தைக் காவல்காரன் பூட்டிவிட்டுப் போனான். ஒரு பசு மண்டி போட்டுப் படுத்தது. தம்பி அதை எழுப்பப் பார்த்தான், அது எழவில்லை.

பத்தே முக்காலுக்கு வெள்ளைச்சட்டை மெதுவாக நடந்து வந்தார். பேரம் ஒரு நிமிடத்தில் முடிந்தது. ஒன்பது முதுகிலும் நீலக் கோடு விழுந்தது.

ரேட்டம்மா சுவரிலிருந்து இறங்கினாள். பதினோரு வருடத்தில் முதல் தடவை. மாடுகளுக்கு நடுவே போய், விதிப்படி முதலில் விற்றவரைக் கேட்டாள்.

"எவ்வளவு?"

"பதினேழு" என்றான் தம்பி, அவள் முகத்தைப் பார்க்காமல்.

வாங்கியவரைக் கேட்டாள். வெள்ளைச்சட்டை அவள் நோட்டை எட்டிப் பார்த்தார். இன்று நாலு பல் பசு விற்றது இந்த ஒன்பது மட்டும்தான்.

"இருபத்திரண்டுன்னு எழுதிக்கோங்கம்மா" என்றார் தணிந்த குரலில். "பதினேழுன்னு ரேடியோவுல வந்தா, அடுத்த வாரம் இந்தப் பக்கம் ஒரு மாடு வருமா? அக்கம்பக்கத்து மாடும் அந்தப் பக்கம் போயிடும். லாரியை நிறுத்தி வெச்சு நான் என்ன பண்ணறது? உங்களுக்கும் நல்லதில்ல. உங்க வீட்டுக்காரர் இப்ப நடந்து போறாராமே? கவனிச்சேன்."

பக்கத்தில் நின்ற பசுவின் முதுகில் கையை ஊன்றிக்கொண்டாள். நீலச் சாயம் உள்ளங்கையில் ஒட்டியது. அந்தக் கையோடே எழுதினாள். ஒன்பது வரி. ஒவ்வொரு வரியிலும் பதினேழு.

பதினோரு மணிக்குப் போன் செய்தாள். அதிகாரிதான் எடுத்தார்.

"போன வாரம் முப்பத்து மூணு, இந்த வாரம் பதினேழா? என்னம்மா விளையாடறீங்களா? சரிதானா?"

"பதினேழு சரி சார். இறங்கிப் போய் ரெண்டு பேரையும் கேட்டேன்" என்றாள். "போன வாரத்துதான் தப்பு. கன்னோட போன பசுவை ஒத்தைப் பசுன்னு எழுதிட்டேன். என் தப்பு. எழுத்துலயும் அனுப்பறேன்."

"உங்க வேலையைப் பத்தி அப்புறம் சொல்றேன்" என்று அதிகாரி போனை வைத்துவிட்டார்.

புதன்கிழமை காலை தம்பி ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். கணவர் கதவைத் தாழ் போட்டு, தாழைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். ஆற்றுச் சந்தை இருபத்தெட்டாயிரம் என்றார்கள். முன்னூறு மாடு கூடுதலாகப் போனதில் அங்கே கொஞ்சம் இறங்கியிருந்தது, அவ்வளவுதான். அடுத்து இந்தச் சந்தையின் பெயரைச் சொல்லி, நாலு பல் பசு பதினேழாயிரம் என்றார்கள்.

"அது நம்ம மாடுங்கதானேக்கா?" என்று கேட்டான் தம்பி.

"ஆமாண்டா" என்றாள் அவள்.

வெளியே ஒரு லாரி வரும் சத்தம் கேட்டது. மூன்று பேரும் பேச்சை நிறுத்தினார்கள். அது வீட்டைத் தாண்டிப் போகும் வரை யாரும் அசையவில்லை. காலி லாரி, பின்கதவு தடதடவென்று அடித்துக்கொண்டே போனது.